மூண்டு வெடியில ஒண்டு

என்ரை மகள் டேனிஷ் பெடியன் ஒருத்தனைக் கட்டப்போறன் எண்டு சொன்னபோது நான் கோவத்தில துள்ளிக் குதிச்சது உண்மை. பிறகு பெடியனைப் பாத்தன், ஆள் தங்கம், அடங்கிட்டன். மிச்சம் இருந்தது சம்மந்தியைச் சந்திக்கிறதுதான். அந்த மனுசன் கடற்படையில பீரங்கிக்காரனா இருந்து ஓய்வெடுத்தவர். இப்ப காட்சிக்கு நிக்கிற பழைய போர்க்கப்பல் ஒண்டில சம்பளமில்லாமல் வேலை செய்யிறார். கப்பலுக்கே வாருங்கோ எண்டு கூப்பிட்டுவிட்டார்.

நாங்கள் இருக்கிற பிராண்டேயில கார் வெளிக்கிட்டதிலயிருந்து மனுசி ஓயேல்லை. "இஞ்சாருங்கோ, அங்க போய் மானத்தை வாங்கிப்போடாதேங்கோ. மரியாதையா நில்லுங்கோ."

"ஓம், ஓம்" எண்டன். பிள்ளையின்ரை வாழ்க்கையெல்லோ.

சம்மந்தி முதல்ல எங்களைக் குண்டுக் கிடங்குக்குக் கூட்டிக்கொண்டு போனார். செங்குத்தான இரும்பு ஏணி. மனுசி சீலையை இடுப்பில செருகிக்கொண்டு என்னைவிடக் கெதியா இறங்கினாள். பீரங்கி ஷெல்லுகள் வரிசையா, வார் போட்டுக் கட்டினபடி நிண்டுது, எல்லாம் மருந்தில்லாத வெறுங்கோது. தீப் பிடிச்சால் கடல்தண்ணியைத் திறந்துவிட்டு அறையை மூழ்கடிக்க ஒரு சிவப்புச் சக்கரம். மரியாதை வெடிக்கான தோட்டாக்கள் மட்டும் ஒரு பூட்டின பெட்டிக்குள்ள இருந்துது. "உங்களுக்காக இண்டைக்கு மூண்டு வெடி" எண்டு அவர் மூண்டை எடுத்தார். முகம் முழுக்கப் பெருமை. நானும் பல்லைக் காட்டித் தலையாட்டினன். அங்கைதான் பிழை விட்டன்.

மேல்தட்டில மகளும் பெடியனும் எங்களோட வரிசையா நிண்டவை. என்ரை கையில மனுசி பொரிச்சுக் கொண்டுவந்த ரோல்ஸ் தட்டு. சம்மந்தி முதல் தோட்டாவைப் பீரங்கியில போட்டார், வெடிச்சுது பாருங்கோ!

பாத்தால் நான் குப்புறக் கிடக்கிறன். வாய் திறந்தபடி, காதுக்குள்ள விரல், வயிறு தரையில படாமல் முழங்கையில ஊண்டி. பக்கத்தில மனுசி, அச்சொட்டா அதே மாதிரி. ரோல்ஸ் எல்லாம் மேல்தட்டு முழுக்க உருண்டுது. ஊரில சண்டைக்காலத்தில கடற்படைக் கப்பலிலயிருந்து ஷெல் வரேக்க பழகின பழக்கம். முப்பது வருசம் டென்மார்க்கில இருந்தும் உடம்பு மறக்கேல்லை.

"மரியாதையா நில்லுங்கோ எண்டு ஆர் சொன்னது?" எண்டு கிடந்தபடியே கேட்டன். மனுசிக்குச் சிரிப்பு அடக்கேலாமல் போச்சு, எனக்கும்தான். மகள் சிரிக்கேல்லை. முகத்தைக் கையால மூடிக்கொண்டு டேனிஷில "அப்பா, எழும்புங்கோ" எண்டாள். எனக்குச் சீ எண்டு போச்சு. சம்மந்தம் குழம்பீட்டுது எண்டுதான் நினைச்சன்.

சம்மந்தி ஓடிவந்து பக்கத்தில முழங்காலில இருந்தார். "வாயை ஏன் திறந்தனீங்கள்?"

"காதுச் சவ்வு கிழியாமல் இருக்க" எண்டன்.

மனுசன் தன்ரை வாயையும் அதேமாதிரித் திறந்து காட்டினார். "பீரங்கிக்குப் பின்னால நிக்கிற எங்களுக்கும் அப்பிடித்தான் பழக்கினவை" எண்டார்.

பிறகு மிச்ச ரெண்டு தோட்டாவையும் எடுத்து, ஒண்டை என்ரை கையில தந்தார். திரும்பக் கிடங்குக்கு இறங்கினம். அவர் பெட்டியைத் திறக்க, நானே அதை உள்ள வைச்சன். ஷெல் வராமல் இருக்கவேணும் எண்டு எத்தனை நாள் கும்பிட்டிருப்பன்! அண்டைக்கு ஒரு வெடியை என்ரை கையாலயே படுக்க வைச்சன். சந்தோசத்தில கண் கலங்கிப்போச்சு.

மேல வர, மகளும் பெடியனும் ரோல்ஸ் பொறுக்கிக்கொண்டு நிண்டவை. சம்மந்தி ஒண்டை எடுத்து, ஊதிப்போட்டுக் கடிச்சார்.

"கலியாணத்துக்கு வெடி வேண்டாம்" எண்டார்.

"மேளம் மட்டும் போதும்" எண்டாள் மனுசி, சீலையைத் தட்டிக்கொண்டு.