மூடி வைத்த ஆறு தகடுகள்

அந்த ஆய்வுக்கூடத்தில் அவளுக்குக் கண்ணாடி அக்கா என்று பெயர். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் முழுக்கக் கண்ணாடித் தகடுகளைக் கழுவிக்கொண்டிருந்ததால் வந்த பெயர். பதினோரு வருடம் ஆகியும் விடவில்லை.

இப்போது செய்வது வேறு வேலை. மின்சாரம் கடத்தும் ஒரு வகைப் பிளாஸ்டிக்கைக் கரைத்து, கட்டைவிரல் நகத்தளவு தகட்டின்மேல் ஒரு சொட்டு விட்டு, தகட்டை வேகமாகச் சுழற்றுவாள். சொட்டு பரவித் தலைமுடியின் ஆயிரத்தில் ஒரு பங்குத் தடிமனில் படலமாகும். காற்றுப் பட்டால் அந்தப் பொருள் கெட்டுவிடும். ஆகவே நைட்ரஜன் நிரப்பிய கண்ணாடிப் பெட்டிக்குள், அதன் சுவரில் பொருத்திய நீளமான ரப்பர் கையுறைகளுக்குள் கைகளை நுழைத்துக்கொண்டுதான் எல்லாமே. நடுவில் மூக்கு அரித்தால் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். "படிப்பெல்லாம் அப்புறம், மூக்கு அரிக்காத ஆளா பார்த்து வேலைக்கு எடுங்க" என்பாள்.

அன்று பதினொன்றே கால் இருக்கும். ஆறு தகடுகளைச் சுழற்றி முடித்திருந்தாள். படலம் இன்னும் ஈரமாக இருந்தது. உடனே சூடான தட்டில் பத்து நிமிடம் வைத்து உலர்த்த வேண்டும், அதுதான் முறை. அந்த நேரம் பார்த்துக் கைபேசி அதிர்ந்தது. கைகளை உருவிக்கொண்டு எடுத்தாள். பக்கத்து வீட்டு அம்மா.

"உங்க அப்பாவைக் காணோம்மா. கதவு திறந்து கிடக்கு."

அப்பாவுக்கு ஒரு வருடமாக நினைவு தவறிக்கொண்டிருந்தது. கணவர் பேருந்து ஓட்டுநர், பகல் முறை வேலையில் இருந்தார். மறுபடி கையுறைக்குள் கையை விட்டு, கையில் அகப்பட்ட கண்ணாடிக் கிண்ணத்தைத் தகடுகளின்மேல் கவிழ்த்தாள். யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் ஓடினாள்.

அப்பா நான்கு தெரு தள்ளிப் பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தார். செருப்பு இடம் வலம் மாறியிருந்தது.

"எங்கப்பா கிளம்பினீங்க?"

"வேலைக்கு நேரமாச்சுல்ல?" என்றார், அவளைக் கடிந்துகொள்கிற குரலில்.

அவரை வீட்டுக்குக் கூட்டிப்போய், சாப்பிட வைத்து, தூங்கவிட்டு, பக்கத்து வீட்டம்மாவைக் காவலுக்கு உட்கார்த்திவிட்டு அவள் திரும்பியபோது மணி மூன்று. கிண்ணத்துக்குள் படலங்கள் தாமாகவே காய்ந்திருந்தன. எப்போதும் செம்மஞ்சளாக வரும் படலம் இன்று கத்தரிக்காய்த் தோல் நிறத்தில் கருத்திருந்தது. தூக்கிப் போட்டிருக்க வேண்டும். ஆனால் ஆராய்ச்சி மாணவி தகடுகளுக்காகக் காத்திருந்தாள். அவற்றைப் பத்து நிமிடம் சூடுகாட்டி, டப்பாவில் அடுக்கி, பதிவேட்டில் வழக்கமான வரியையே எழுதினாள்: சுழற்சி முடிந்ததும் உடனே சூடு. பதினோரு வருடத்தில் அவள் எழுதிய ஒரே பொய் அது.

மறுநாள் தகடுகளை அளந்து பார்க்கும் அளவை அறையிலிருந்து மாணவியின் கூச்சல் கேட்டது. "எட்டு மடங்கு! மேடம், எட்டு மடங்கு!" வழக்கத்தைவிட எட்டு மடங்கு மின்னோட்டம். இரண்டு வருடமாகச் சுணங்கிக் கிடந்த மாணவியின் முகத்தில் அப்போதுதான் களை வந்தது. ஆய்வுக்கூடத்தை நடத்திய பேராசிரியை ஒரு கருத்தரங்கில் வேறு அதைச் சொல்லிவிட்டு வந்தார்.

அதற்குப் பிறகு அந்த எண் திரும்ப வரவேயில்லை. மூன்று வாரம், நாற்பது தகடுகள். ஒவ்வொரு தடவையும் கண்ணாடி அக்கா முறைப்படியே செய்தாள், செம்மஞ்சளாகவே வந்தது. காரணம் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். ஆனால் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் மாதம் அது. வேலை நேரத்தில் சொல்லாமல் போனதையும் பொய் எழுதியதையும் எந்த வாயால் சொல்வது? முதல் நாளே சொல்லியிருந்தால் சின்ன விஷயம். நாள் போகப் போக அது பெரிதாகிக்கொண்டே போனது.

ஒருநாள் பேராசிரியையின் அறைக் கதவு சரியாகச் சாத்தப்படாமல் இருந்தது. "உண்மையைச் சொல்லு. நிஜமா அளந்தியா, இல்ல எண்ணைத் திருத்தினியா?" என்று அவர் மாணவியிடம் கேட்பது வெளியே கேட்டது. சற்று நேரத்தில் மாணவி கழுவுமிடத்தில் முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டு நின்றாள்.

கண்ணாடி அக்கா அதற்குமேல் யோசிக்கவில்லை.

"உன்மேல தப்பில்லம்மா. நான்தான் மறைச்சேன்."

நடந்ததைக் கேட்ட மாணவி முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். பிறகு, "மூணு வாரமா என் பக்கத்துலதானேக்கா இருந்தீங்க?" என்று மட்டும் கேட்டாள். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

பேராசிரியை திட்டினார். நன்றாகவே திட்டினார். மூச்சு வாங்கியதும், "எவ்வளவு நேரம் மூடி இருந்தது?" என்றார்.

"பதினொன்னே கால்லேர்ந்து மூணு மணி வரைக்கும் மேடம்."

"நாளைக்கு அப்படியே செய்யுங்க. நான் பக்கத்துல நிக்கிறேன்."

மறுநாள் மூன்று பேரும் பெட்டியின் முன்னால் நின்றார்கள். கிண்ணத்தைக் கவிழ்த்து ஒரு மணி நேரம் வரை ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஓரத்திலிருந்து படலம் மெல்லக் கருக்கத் தொடங்கியது. பேராசிரியைக்குக் கோபம் எங்கே போனதோ, கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு பேச ஆரம்பித்துவிட்டார்.

"இது நீளநீளமான சங்கிலி மாதிரி மூலக்கூறு. எலக்ட்ரான் அந்தச் சங்கிலி வழியாத்தான் ஓடணும். சட்டுன்னு காயவச்சா அங்கங்க முறுக்கிக்கிட்டு வழி அறுந்து போயிடும். கிண்ணத்துக்குள்ள ஆவி வெளிய போகாம மெதுவா காஞ்சா நிமிர்ந்து, ஒன்னுமேல ஒன்னு அடுக்கா படுத்துக்கும். வழி நீளும். உறிஞ்சுற வெளிச்சமும் மாறும், அதான் நிறம் கருக்குது. நிறத்தைப் பார்த்தே சொல்லியிருக்கலாம். நம்ம மூணு பேருக்கும் கண்ணு இருந்தது."

"எனக்கு இருந்தும் பிரயோஜனமில்ல மேடம்," என்றாள் மாணவி. "எனக்கு டப்பால வந்தப்பவே நிறம் வேற மாதிரிதான் தெரிஞ்சது. வெளிச்சம் சரியில்லைன்னு நினைச்சுக்கிட்டேன்."

ஆறு தகடுகளில் ஐந்து எட்டு மடங்கைத் தொட்டன. ஆறாவது தகட்டின் பக்கம் கிண்ணம் சரியாக மூடவில்லை, அது பாதிதான் வந்தது. அளவை அறைக்குள் கண்ணாடி அக்கா உட்கார்ந்து பார்த்தது அதுதான் முதல் தடவை. தான் செய்த படலத்துக்காகத் திரையில் ஒரு கோடு செங்குத்தாக ஏறுவதைப் பார்த்தபோது சந்தோஷப்படலாமா கூடாதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. எச்சரிக்கைக் கடிதமும் வந்தது. இரண்டிலும் ஒரே நாளில் கையெழுத்துப் போட்டாள். அவசரமென்றால் யாரிடம் சொல்லிவிட்டுப் போகலாம் என்று பேராசிரியை ஒரு தாளில் எழுதிக் கதவில் ஒட்டினார். கணவர் கெஞ்சிக் கூத்தாடி மாலை முறைக்கு மாறிக்கொண்டார். இப்போது பகலில் அப்பாவோடு அவர் இருக்கிறார்.

மாணவிதான் பத்து நாள் சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை. வேண்டியதைத் துண்டுச் சீட்டில் எழுதி மேசையில் வைத்துவிட்டுப் போவாள். பதினோராம் நாள் நேரில் வந்து நின்றாள்.

"ஒரு மணி நேரம், ரெண்டு மணி நேரம், ஆறு மணி நேரம்னு மூடி வச்சுப் பார்க்கணும்க்கா. நிறம் எப்ப மாறுதுன்னு நீங்கதான் கூட இருந்து சொல்லணும்."

"ஆறு மணி நேரமா? கால் மரத்துப் போயிடும்."

"ஸ்டூல் போட்டு வச்சிருக்கேன்," என்றாள் மாணவி.

கண்ணாடி அக்கா கைகளைத் துடைத்துக்கொண்டு, கையுறைகளை நோக்கி நடந்தாள்.