ஸ்டெப் உள்ளேயா, வெளியேயா?

1. இழுத்து வைப்பது சுலபம்

“சார், இந்த ஸ்டெப்பை இனி நான் தொடமாட்டேன். வேற யாரையாவது வச்சு வரைஞ்சுக்கிடுங்க” என்று சொல்லி மவுஸைத் தள்ளி வைத்தேன். கருங்கல் ஊரில் உள்ள எங்கள் வீட்டு பிளான் ஆபீஸில் இத்தனை வருட வேலையில் நான் கோபித்துக்கொண்டு எழுந்தது அன்றைக்குத்தான். எங்கள் இன்ஜினியர் ஜெயசிங் சார் பதறவில்லை. “சாயா குடிச்சிட்டு வா லலிதா. அது எங்கயும் போயிராது” என்றார்.

நெய்யூர் பக்கம் ஒரு மாடி வீடு. பழைய ஓட்டு வீட்டுக்குப் பக்கத்தில் தென்னை நின்ற இடத்தில் புதிதாகக் கட்டப்போகிறார்கள். கீழே அம்மா நேசம்மாள், மேலே மகன் குடும்பம் என்று ஏற்பாடு. மகன் சுபின் துபாயில் கான்கிரீட்டுக்குப் பலகை அடிக்கும் சென்ட்ரிங் வேலையில் ஃபோர்மேன். மருமகள் ஷைனி ஆஸ்பத்திரியில் நர்ஸ். மாமியாரும் மருமகளும்தான் ஊரில் இருக்கிறார்கள்.

இப்போது டிப்ளமோ முடித்துவிட்டு வரும் பிள்ளைகளுக்கு மாடி ஏறும் ஸ்டெப் வரைவது ஒரு வேலையாகவே தெரியாது. ஸ்டெப் டூலைத் தொட்டு, நேராகவா, எல் ஷேப்பா, யூ ஷேப்பா என்று தேர்ந்தெடுத்து, அகலமும் உயரமும் கொடுத்தால் அம்புக்குறியோடு வந்து உட்கார்ந்துவிடும். பிடிக்காவிட்டால் இழுத்து வேறு இடத்தில் வைக்கலாம். ஆனால் எங்கள் சாஃப்ட்வேரில் இழுத்தால் ஸ்டெப் மட்டும்தான் வரும். மேல் தளத்தில் அதற்காக வெட்டிய ஓட்டை பழைய இடத்திலேயே வாயைப் பிளந்து கிடக்கும். ஸ்டெப்புக்கு அடியில் வைத்த பாத்ரூம் ஹாலுக்கு நடுவே தனியாக நிற்கும். எல்லாவற்றையும் பின்னாலேயே போய் நாம்தான் சரிசெய்ய வேண்டும். ஓட்டையை மாற்ற மறந்து பிரிண்ட் எடுத்தவர்கள் எங்கள் தொழிலில் நிறையப் பேர் உண்டு.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். எங்கள் பக்கம் ஸ்டெப் வீட்டுக்குள் இருந்தால் ஒரே குடும்பம். வெளியே இருந்தால் மாடியை வாடகைக்கு விடப்போகிறார்கள், இல்லாவிட்டால் பாகம் பிரிந்துவிட்டார்கள் என்று அர்த்தம். கட்டுகிறவர் மனதில் எதுவும் இல்லாவிட்டாலும் ஊர் சும்மா இருக்காது.

சுபின் வாட்ஸ்அப்பில் வாய்ஸ் போட்டுக்கொண்டே இருந்தான். “அக்கா, ஸ்டெப்பு ஹாலுக்குள்ளயே வரட்டு. மேல ஏறுகவங்க அம்மைக்க முன்னால கூடித்தான் போகணும். ஒரே வீடா இருக்கணும், கேட்டியளா?”

கேட்டேன். உள்ளே வைத்தேன்.

2. சொல்லப்பிடாது

ஒரு மத்தியானம் ஷைனி போன் செய்தாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று தணிந்த குரலில் பேசினாள்.

“அக்கா, ஸ்டெப்ப வெளிய போட்டுத் தருவியளா? நான் சொன்னேன்னு அவருக்கும் தெரியப்பிடாது, மாமிக்கும் தெரியப்பிடாது.”

ஏன் என்று கேட்டேன். அவளுக்கு டூட்டி முடியும் நேரம் நிலையாக இருப்பதில்லை. பல நாள் ஊர் உறங்கிய பிறகுதான் வீடு வந்து சேருவாள். மாமி களவுக்குப் பயந்து கதவுக்கு உள்ளே கொண்டி போட்டுத்தான் படுப்பார். கையில் சாவி இருந்தும் பிரயோஜனம் இல்லை. அவர் எழுந்து வந்து திறக்கும்வரை இவள் வாசலில் நிற்க வேண்டும்.

“தெறந்துட்டு ஒரு வார்த்தை பேசாம போய்ப் படுத்துக்கிடுவாவ அக்கா. எனக்கு ஏதோ களவாண்டுட்டு வந்த மாதிரி இருக்கும். புது வீட்லயும் இப்படித்தான்னா நான் வேலைய விட்டுருவேன். அவருகிட்ட இன்னும் சொல்லல. ஆனா விட்டுருவேன்.”

அவள் பிரசவ வார்டில் இருக்கிறாள். எங்கள் தெருவிலேயே அவள் கையில் ஏந்திய பிள்ளைகள் ஓடித் திரிகின்றன. அப்படிப்பட்ட வேலையை ஒரு கொண்டிக்காக விடுவதா? அந்த மாமியார் மேல் நல்ல கோபம் வந்தது. ஸ்டெப்பை வெளியே இழுத்து வைத்து, ஓட்டையை மாற்றி, சுபினுக்கு அனுப்பினேன். “இது என்னத்துக்கு வெளிய? மழை பெஞ்சா நனைஞ்சுகிட்டா ஏறுவா?” என்று அவன் திருப்பி அனுப்பினான்.

அடுத்த வாரம் அந்த மாமியாரே ஆபீஸுக்கு வந்தார். சந்தையில் வாங்கிய மீன் பையை வாசலுக்கு வெளியே வைத்துவிட்டு, உள்ளே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“மக்களே, அந்த ஸ்டெப்ப வெளிய தள்ளிப் போட்டுரு. நான் சொன்னேன்னு ஒருத்தருகிட்டயும் சொல்லப்பிடாது.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு காரணம் கேட்டேன்.

“எனக்க மருமொவ டூட்டி முடிஞ்சு வரும்போ நான் எந்திச்சுக் கதவு தெறக்கணும். தெறந்தா தலை கிறுகிறுன்னு சுத்தும். வாயத் தெறந்து பேசுகதுக்குப் பெலன் இருக்காது. போய்க் கிடந்தாலும் பின்ன உறக்கம் கிடையாது. இதச் சொன்னா, கிழவி என்னை வெளிய விரட்டுகான்னு நெனப்பா. நல்ல பிள்ளையாக்கும். அவளுக்க மனசு நோவப்பிடாது.”

என் கோபம் போன இடம் தெரியவில்லை. ‘அம்மா, நீங்கள் பேசாமல் போவதை அவள் வேறு மாதிரி எடுத்துக்கொள்கிறாள்’ என்று சொல்ல நாக்கு துடித்தது. சொன்னால் ஷைனி சொன்னது வெளியே வந்துவிடும். இரண்டு பேரிடமும் வாக்குக் கொடுத்துவிட்டு நடுவில் மாட்டிக்கொண்டேன். அன்று சாயங்காலமே சுபினிடமிருந்து மறுபடி வாய்ஸ்: “அக்கா, உள்ள போடுங்க.” மவுஸைத் தள்ளி வைத்தது அப்போதுதான்.

3. இல்லாத பீம்

பிளானை முடிவாக்க ஒரு சனிக்கிழமை எல்லோரையும் வரச் சொன்னார் சார். மாமியாரும் மருமகளும் என் ஸ்கிரீனுக்கு முன்னால் பக்கம் பக்கமாக உட்கார்ந்தார்கள். சுபின் வீடியோ காலில் இருந்தான். சாரிடம் நான் “வெளிய வைக்கதுதான் நல்லது” என்று மட்டும் சொல்லியிருந்தேன்.

வாய் திறந்து விளக்க முடியாத எதையும் பீம் மேல் போடுவது சாரின் வழக்கம். அன்றும் போட்டார்.

“உள்ள வைக்க முடியாது தம்பி. அங்க பீம் வருது.”

போனில் சுபின் முகத்தைக் கிட்டே கொண்டுவந்தான். “சார், நான் இங்க தினமும் பீமுக்குத்தான் பலகை அடிக்கேன். வீட்டுக்கு இன்னும் அஸ்திவார வானமே தோண்டல. அதுக்குள்ள பீம் எங்கருந்து வந்து?”

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். சிரிக்க முடியாமல் நான் கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இனி என்ன செய்ய? யார் சொன்னதையும் நான் வெளியே விட முடியாது. ஆனால் கேள்வி கேட்கலாம். பிளான் வரைகிறவளுக்கு அந்த உரிமை உண்டு.

ஸ்டெப்பை ஹாலுக்குள் வைத்து, முப்பரிமாணத்தில் திறந்து, வாசல் கதவுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன்.

“சுபின் தம்பி, ஷைனி டூட்டி முடிஞ்சு வந்து இந்தக் கதவுக்கு வெளிய நிக்கா. உள்ள கொண்டி போட்டிருக்கு. யாரு தெறக்கது?”

“அம்மை தெறப்பா.”

“தினமுமா?”

அவன் கண் அம்மாவிடம் போனது. நேசம்மாள் முந்தானையைக் கையில் சுருட்டினார்.

“மோனே, எனக்கு ஏலாதுடே” என்றார். “தலை சுத்துது. உங்கிட்ட சொன்னா இவளுக்கு சங்கடமா இருக்கும்னுதான் சொல்லல. ஸ்டெப்பு வெளிய வந்தா இவ நேரா மேல போயிருவாளே.”

ஷைனி அவரையே பார்த்தாள். “அப்ப எங்கிட்ட கோவத்துலதான் பேசாமப் போறியன்னு நெனச்சேனே மாமி! வேலைய விட்டுருவோம்னுகூட நெனச்சேன். நானும் இந்த அக்காகிட்ட வெளிய போடத்தான் சொன்னேன்.”

“வேலைய விடுகதா? எதுக்குட்டி விடணும்?” என்று அதட்டினார் நேசம்மாள். பிறகு என் பக்கம் திரும்பினார். “ஏட்டி, ரெண்டு பேரும் சொன்னதக் கேட்டுட்டா ஒண்ணும் தெரியாத பூனை மாதிரி இருந்த?”

ஷைனி சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். எனக்கும் கண் கலங்கியது, மறைக்கவில்லை. போனில் இருந்தவன் மட்டும் சிரிக்கவில்லை.

“அப்ப ரெண்டு வீடு மாதிரிதானே ஆவும்” என்றான். “நான் இங்க கிடக்கேன். நீங்க ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் துணையா இருப்பியன்னுதானே உள்ள போடச் சொன்னேன்?”

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. நேசம்மாள்தான் ஸ்கிரீனில் தன் அறைச் சுவரைத் தொட்டுக் காட்டினார்.

“ஸ்டெப்பு இந்தச் சுவரு ஓரமா ஏறட்டு. கட்டிலு கிடக்க இடத்துல ஒரு ஜன்னல் வையி மக்களே.”

ஸ்டெப் ஏறும் சுவரில் படுக்கையறை ஜன்னலை நாங்கள் வைப்பதில்லை. ஏறுகிறவர்கள் எல்லாம் உள்ளே பார்த்துக்கொண்டு போவார்கள். சார் அதைச் சொன்னார். “எனக்க மருமொவ தானே பாப்பா? பாத்துட்டுப் போகட்டு. அவ வந்து சேந்தது எனக்கும் தெரியும்லா” என்றார் நேசம்மாள்.

ஸ்டெப்பை வெளிச்சுவரோடு சேர்த்து இழுத்தேன். மழை படாமல் மேலே ஷீட் போட்டேன். ஜன்னலைக் கட்டிலுக்கு நேராக வைத்தேன். அனுப்பிய படத்தைச் சுபின் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, “கொள்ளாம் அக்கா, நல்லா இருக்கு” என்று மட்டும் சொன்னான்.

4. சத்தம்

ஸ்டெப் எங்கே வேண்டும் என்று இப்போது நான் கேட்பதில்லை. யார் ஏறுவார்கள், எந்த நேரத்தில், அப்போது வீட்டில் யார் உறங்குவார்கள் என்று கேட்கிறேன். பணம் அனுப்புகிறவரிடம் மட்டும் கேட்காமல், அந்த வீட்டில் கிடக்கப்போகிறவர்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டுக் கேட்கிறேன். பிறகுதான் டூலைத் தொடுகிறேன். அப்படிக் கேட்டும் எல்லாம் தெரிந்துவிடாது என்பதையும் அந்த வீடுதான் சொல்லித் தந்தது.

பால் காய்ச்சிக் குடியேறிய கொஞ்ச நாளில் சந்தையில் நேசம்மாளைப் பார்த்தேன். நன்றாக உறங்குகிறீர்களா என்று கேட்டேன்.

“எங்க உறங்க? இவ எனக்க உறக்கம் கலையப்பிடாதுன்னு செருப்பக் கழத்திக் கையில பிடிச்சுகிட்டு ஏறுகா. சத்தமே கேக்கல, இருட்டுல ஆளும் தெரியாது. வந்தாளா, வரலியா, வழியில ஏதாம் ஆச்சான்னு நான் விடிய விடிய ஜன்னலயே பாத்துகிட்டுக் கிடக்கேன்.”

“அவகிட்ட சொன்னியளா?” என்று பதறிப்போய்க் கேட்டேன்.

“பின்ன சொல்லாமயா? இந்தத் தடவ உடனே சொல்லிட்டேன். ‘மோளே, செருப்பப் போட்டுகிட்டு நல்லா சத்தமா ஏறு’ன்னேன். இப்ப டப்பு டப்புன்னு ஏறுகா. பாதி ஸ்டெப்பு ஏறுகதுக்கு முன்ன நான் உறங்கிப் போறேன்.”