முழங்கைச் சுற்று

போபோடியிலிருந்து ஔந்துக்குச் சைக்கிளில் போய், ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் நீச்சல் குளத்தைச் சுத்தம் செய்வது ஜம்புலிங்கத்தின் வேலை. அதற்கு முன்பு கட்கியில் ராணுவக் கூடாரங்களைப் பழுது பார்க்கும் ஓர் ஒப்பந்தக்காரரிடம் இருந்தார். கிழிசல் தைப்பது மற்றவர்கள் பாடு. கயிறு அவர் பொறுப்பு. ஈரம் போக உலர்த்திய கயிற்றின் நுனியை உள்ளங்கையில் பிடித்து, முழங்கையைச் சுற்றி மறுபடி உள்ளங்கைக்கு ஏற்றி, இப்படியே முழுவதும் சுற்றி, கடைசி முழத்தால் நடுவில் இறுக்கிக் கட்டி ஆணியில் மாட்டுவார். ஜம்பு சுற்றிய கயிறு மழையிலும் இருட்டிலும் சிக்கு விழாமல் பிரியும் என்று ஹவில்தார்கள் சொல்வதுண்டு. அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டே அவர் இளமை கழிந்தது. 1997இல் ஒப்பந்தம் கை மாறியபோது வேலை போனது. சில ஆண்டுகள் கிடைத்த வேலையைச் செய்துவிட்டு, கடைசியில் இந்தக் குளத்தில் வந்து ஒதுங்கினார்.

2005இல் குடியிருப்புக் கமிட்டி வெளிநாட்டு இயந்திரம் ஒன்றை வாங்கியது. ஆமை போன்ற உடம்பு, அடியில் தூரிகைகள், பின்னால் நீல நிறத்தில் நீளமான மின் கேபிள். தண்ணீரில் இறக்கிவிட்டால் தானே தரையெல்லாம் தேய்த்து, சுவர் ஏறி, குப்பையைத் தன் பைக்குள் இழுத்துக்கொள்ளும். வாசல் காவலாளி கெய்க்வாட், இனி ஜம்புவுக்குச் சம்பளம் எதற்கு, அந்த ஆமைக்கே கொடுத்துவிடலாம் என்று இந்தியில் கிண்டல் செய்தார். ஜம்பு சிரித்துக்கொண்டாலும் அந்தப் பேச்சு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

சில வாரங்கள் இயந்திரம் ஒழுங்காக ஓடியது. பிறகு கோணல் புத்தி வந்துவிட்டது. இறக்கிவிட்ட இடத்திலேயே செக்கு மாடு மாதிரி சுற்றியது. ஆழமான பகுதிக்குப் போகவே இல்லை. அங்கே தூசி படிந்து, மூலைகளில் பாசி பிடித்தது. தினமும் காலையில் நீந்த வரும் சாத்தே மேடம் கமிட்டியில் முக்கியமானவர். வேலை போய்விடும் என்ற பயத்தில் இந்த ஆள்தான் இயந்திரத்தை ஏதோ செய்துவிட்டான் என்று அவர் குளக்கரையிலேயே நின்று நாலு பேர் காதில் விழச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் இதைப் பேசி முடிப்பது என்று ஏற்பாடாயிற்று.

ஜம்பு ஏழ்மையைப் பார்த்திருக்கிறார். வேலை போய்ப் பார்த்திருக்கிறார். நம்பிக் கொடுத்த பொருளைக் கெடுத்தவன் என்று மட்டும் யாரும் அவரைச் சொன்னதில்லை. அன்று மதியம் கொண்டுபோன சோற்றை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தார். மனைவி ஆனந்தவல்லி கேட்டதற்குப் பசியில்லை என்றார்.

கமிட்டிச் செயலாளர் வசந்தகுமார் கோயம்புத்தூர்க்காரர். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. சனிக்கிழமை அவர் இயந்திரத்தோடு வந்த ஆங்கிலப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு குளத்தடிக்கு வந்தார்.

"ஜம்பண்ணா, என்ன கோளாறுக்கு எதைப் பாக்கோணும்னு இதுல போட்டிருக்குதுங்க. நான் படிக்கறேன், நீங்க ஒவ்வொண்ணா சொல்லுங்க. பை அடைச்சிருக்குதுங்களா?"

"தெனம் அலசறேன் சார்."

"அடியில இருக்கற விசிறில முடி சுத்தியிருக்குமாமா."

"ஒரு கொத்து இருந்துச்சி, எடுத்துட்டேன். அப்பவும் அதே சுத்துதான்."

உள்ளே காற்று நின்றால் ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும் என்று அடுத்து இருந்தது. தண்ணீருக்குள் புரட்டிப் பிடித்து, குமிழி நின்ற பிறகே விடுவதாக ஜம்பு சொன்னார். தூரிகைகளும் தேய்ந்திருக்கவில்லை. வசந்தகுமார் புத்தகப் பக்கத்தின் அடிக்கு வந்தார்.

"கேபிள்ல முறுக்கு விழுந்திருந்தாலும் இப்படித்தான் ஆகுமாமா."

ஜம்புவுக்கு அந்தக் கவலையிலும் சிரிப்பு வந்தது. "கயித்த சுத்தறத எனக்குச் சொல்லணுமா சார்? அத்த வுடுங்க, வேற பாருங்க."

வேறு எதுவும் இல்லை. வசந்தகுமார் புத்தகத்தை மூடிவிட்டு, கூட்டத்தில் தன்னால் ஆனதைப் பேசுவதாகச் சொன்னார். அதை அவர் சொன்ன விதத்திலேயே ஆகப்போவது ஒன்றுமில்லை என்று தெரிந்தது.

ஞாயிறு காலை ஜம்பு இயந்திரத்தை மறுபடி இறக்கினார். அது சுற்றத் தொடங்கியதும் வெறுத்துப்போய்க் கரைக்கு இழுத்து, கேபிளைச் சிமெண்டுத் தரையில் போட்டார். அது படுக்கவில்லை. வளையம் வளையமாகச் சுருண்டு நின்றது. நீட்டி இழுத்துவிட்டால் மறுபடி சுருண்டது. வளையம் எல்லாம் ஒரே அளவு. குனிந்து தன் கையை ஒரு வளையத்தின் மேல் வைத்தார். உள்ளங்கையிலிருந்து முழங்கை வரை கச்சிதமாகப் பொருந்தியது.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கயிறு சுற்றினால் மறந்துவிடும். இது செம்புக் கம்பி, மறக்கவில்லை. தினமும் வேலை முடிந்து முழங்கையில் சுற்றி மாட்டும்போது, ஒவ்வொரு சுற்றிலும் அவர் கை ஒரு முறுக்கை ஏற்றியிருக்கிறது. ஏறிய முறுக்கு, தண்ணீரில் இயந்திரத்தை ஒரே பக்கமாகத் திருப்பியிருக்கிறது. எத்தனை ஒழுங்காகச் சுற்றினாரோ அத்தனைக்குக் கெட்டிருக்கிறது.

முறுக்கை எதிர்ப் பக்கமாகப் பிரித்து, மதில் ஓரம் வெயிலில் கேபிளை நேராக நீட்டி, இரு முனையிலும் செங்கல் வைத்தார். வெயில் ஏற ஏற அது இளகித் தரையோடு படிந்தது. மதியம் இயந்திரத்தை இறக்கினார். நேராக ஆழத்துக்குப் போய், சுவரில் ஏறி இறங்கி, திரும்பி வந்தது. இன்று கூட்டம், இன்று சரியாகிவிட்டது. யார் என்ன நினைப்பார்கள் என்பது அவருக்குச் சொல்லாமலே விளங்கியது.

வசந்தகுமாரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னார்.

"யார்கிட்டயும் மூச்சு விடாதீங்கண்ணா. கம்பெனி ஆளு வந்து சரி பண்ணிட்டுப் போனான்னு நான் சொல்லிக்கறேன்."

"அப்டி சொன்னா, நான் கெடுத்தத அவன் வந்து சரி பண்ணான்னு ஆயிடும் சார். கெடுத்தது நாந்தான். அவங்க சொல்றாமாதிரி கெடுக்கல. அத்த நானே சொல்லிக்கறேன்."

மாலையில் வண்டி நிறுத்துமிடத்தில் நாற்காலி போட்டுக் கூட்டம் நடந்தது. ஜம்பு தமக்குத் தெரிந்த இந்தியில் சொன்னார். கேபிளை முழங்கையில் சுற்றிக் காட்டி, பிரித்துப் போட்டு, சுருளையும் காட்டினார். சிலர் எழுந்து வந்து பார்த்தார்கள். ஓய்வுபெற்ற வங்கிக்காரர் ஒருவர், தெரியாமல் நடந்ததுதான் என்று ஒத்துக்கொண்டார். சாத்தே மேடம் கோபப்படாமலே ஒன்று கேட்டார்: இத்தனை நாள் தெரியாதது, வேலை போகும் நாளன்று எப்படித் தெரிந்தது?

"மாலும் ஹுவா", தெரிந்தது, என்று மட்டும் ஜம்பு சொன்னார்.

வேலையிலிருந்து நிறுத்தவில்லை. இயந்திரத்தை இனி கெய்க்வாட் பார்த்துக்கொள்வார். ஜம்பு அதைத் தொடக் கூடாது, படிக்கட்டையும் குளத்தின் ஓரத்தையும் தேய்த்தால் போதும் என்று முடிவாயிற்று.

"நம்பிட்டாங்களா?" என்று வீட்டுக்கு வந்ததும் ஆனந்தவல்லி கேட்டாள்.

"பாதி பேரு."

"அப்ப மானங்கெட்டு அங்க ஏன் போவணும்? நின்னுடு."

"நின்னா மீதிப் பாதியும் அந்தம்மா பக்கம் போயிடும்" என்றார்.

மறுநாள் வழக்கமான நேரத்துக்கே போனார். சாத்தே மேடம் நீந்தி முடித்துத் துவாலையோடு நாற்காலியில் இருந்தார். கெய்க்வாட் நீலக் கேபிளைக் கையில் வைத்துக்கொண்டு, எந்தப் பக்கம் தொடங்குவது என்று கேட்டார். ஜம்பு கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். சுற்ற வேண்டாம், மதில் ஓரமாக நீளமாகப் போடு என்று, மேடத்துக்கும் கேட்கும்படி வாயால் சொன்னார்.