ஸ்விட்சில் தொங்கிய என் பூட்டு

ரயில் பழுதுபார்க்கும் வேலையில் பாதி நேரம் நட்டை இறுக்குவதில் போகும். மீதி, இறுக்கினோமா என்று யோசிப்பதில் போகும். கேஸை அணைத்தோமா என்று தெருமுனையிலிருந்து திரும்பி ஓடியவர்களுக்கு என் கஷ்டம் புரியும்.

மஞ்சள் கோடு

எட்டாவதோடு படிப்பை விட்டவள் நான். கணவர் இறந்தபின் அவர் வேலை செய்த மின்சார ரயில் ஷெட்டில் எனக்கு ஹெல்பர் வேலை கொடுத்தார்கள். மெக்கானிக் ஆக ஒரு டெஸ்ட் உண்டு. அதற்கு ஃபோர்மேன் டேவிட் சார் பேர் எழுதித் தர வேண்டும். போன வருஷம் முழுக்க அந்த லிஸ்ட்டில் என் பேர் வருமா என்பதே கவலை.

நட்டை இறுக்கியதும் போல்ட்டோடு சேர்த்து மஞ்சள் பெயிண்டில் ஒரு கோடு இழுப்போம். நட்டு தளர்ந்தால் கோடு விலகித் தெரியும். நான் கோடு போட்டு நாலடி நடப்பேன், திரும்பி வந்து பார்ப்பேன், மறுபடி நடப்பேன். கூட வேலை செய்யும் கலா ஒருநாள் சொன்னாள்: "நட்டு அசையுதான்னு பாக்கத்தான் கோடு. நீ இன்னாக்கா, கோட்டுக்கே காவல் காத்துகினு கீற?"

பஸ்ஸில்

பக்கத்து வீட்டு மேரி ஒரகடத்தில் கார் கம்பெனியில் இருக்கிறாள். மணிமங்கலம் பஸ்ஸில் என் புலம்பலையெல்லாம் கேட்பவள் அவள்தான். ஒரு தடவை பொறுமையாகக் கேட்டு முடித்துச் சொன்னாள்: "எங்க லைன்ல தப்பு நடந்தாதான் பெல் அடிக்கும், ஆன்ட்டி. உங்களுக்குச் சும்மாவே அடிச்சிகினு கீது."

டிபன் பை

வண்டிக்கு அடியில் இறங்குமுன் கரண்ட் ஸ்விட்சை அணைத்து, அதில் ஆளுக்கொரு பூட்டு மாட்டுவோம். சாவி அவரவர் பையில். ஒரு பூட்டு தொங்கினாலும் உள்ளே ஆள் இருப்பதாக அர்த்தம். பூட்டியவர்தான் திறக்க வேண்டும்.

அன்று கோடுகளை மூன்று தடவை பார்த்துவிட்டு நிம்மதியாகக் கிளம்பினேன். மணிமங்கலத்தில் இறங்கி டிபன் பையைத் துழாவினால், வீட்டுச் சாவியோடு பூட்டுச் சாவியும் வந்தது. போனில் பதினோரு மிஸ்டு கால். ஆட்டோ பிடித்து ஷெட்டுக்கு ஓடினேன். சாயங்காலக் கூட்டத்துக்குப் போக வேண்டிய வண்டி அப்படியே நின்றது. கலாவின் முட்டியெல்லாம் கிரீஸ். "அடியில மயங்கிக் கெடக்கிறன்னு நெனச்சி, பன்னெண்டு பொட்டிக்கும் கீழ டார்ச் அடிச்சி தேடினோம்க்கா."

லிஸ்ட்

நடந்ததை டேவிட் சார் ரிப்போர்ட்டில் எழுதினார். மறுநாள் அவர் மேஜை முன் நின்று, என் பேரை எழுதாதீர்கள் சார், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று நானே சொன்னேன். அவர் தலை நிமிராமல் லிஸ்ட்டில் என் பேரை எழுதிக்கொண்டே சொன்னார்: "பூட்டு போட மறந்திருந்தா எழுதியிருக்க மாட்டேன்மா. தொறக்கத்தானே மறந்த."

இப்போது நான் மெக்கானிக். நான் கிளம்பும் நேரத்தில் சாவியைப் பற்றிக் கவலைப்படும் வேலையை மட்டும் டேவிட் சார் எடுத்துக்கொண்டுவிட்டார்.