விளிம்பைத் தடவிப் பார்ப்பவன்

ஐந்து வியாபாரிகள் கிளறிவிட்டுப் போன கூடையில், இரும்புக் காசுகளுக்கு நடுவே கிடந்த ஒரே ஒரு துத்தநாகக் காசு. பொத்தான் என்று ஒதுக்கப்பட்ட தீயணைப்பு வீரர் பதக்கம். 1894-ஆம் ஆண்டின் பல்கேரிய ஐந்து லெவா வெள்ளிக் காசு. பல் டாக்டர் வெல்செவ் பூதக்கண்ணாடியைத் துடைத்து முடிப்பதற்குள் விலை பேசி வாங்கியது. இந்த மூன்றையும் மற்றவர்களுக்கு முந்திக் கைப்பற்றியவன் என் தம்பி மெதோதி. பிறவியிலேயே பார்வை இல்லாதவன்.

ருசே நகர நூலகத்தின் பின்னறையில் சனிக்கிழமைதோறும் பத்து மணிக்கு எங்கள் நாணயச் சங்கம் கூடும். புதிதாகக் கிடைத்ததை ஒவ்வொருவரும் பச்சைத் துணியில் வைப்பார்கள். அது மேசையைச் சுற்றிக் கடைசியில் மெதோதியிடம் வரும். கட்டைவிரலை விளிம்பில் ஒரு சுற்று ஓட்டுவான். பிறகு முகர்வான்.

"பல்பொடி போட்டுத் தேச்சிருக்கு. டாக்டரே, உங்க வேலையா?"

"உன் மூக்குக்கு ஒரு ஊசி போட்டாத்தான் சரிப்படுவே" என்பார் டாக்டர்.

அந்த மேசையில் நல்ல காசை யாரும் புகழ்வதில்லை. "எந்தப் பாவியை ஏமாத்தி வாங்கினே?" என்று முன்னாள் டிராலிபஸ் ஓட்டுநர் மின்ச்சோ கத்தினால், காசு அருமை என்று பொருள்.

தம்பிக்கு இப்போது அறுபத்து மூன்று வயது. சர்க்கரை வியாதி வந்து பதினொரு வருடமாகிறது. வெண்ணெய் அடையை விட்டுவிட்டான். தேநீரில் இரண்டு கரண்டி சர்க்கரையை மட்டும் விடமாட்டான். ஒரு குளிர்காலத்தில் சூப் கிண்ணம் சுட்டதே அவனுக்குத் தெரியவில்லை. விரலில் கொப்புளம் கண்டபிறகு நான்தான் சொன்னேன். "மேசையில சொல்லிடாதேக்கா" என்றான். அந்த விரல்களை நம்பித்தான் அவர்கள் ஒவ்வொரு காசையும் அவனிடம் கடைசியாகக் கொடுத்தார்கள். நான் சொல்லவில்லை.

அடுத்த மார்ச்சில் ஒரு சனிக்கிழமை, கூட்டத்துக்கு வரும் வழியில் நான் ரொட்டிக்கடையில் நின்ற நேரத்தில், சந்தையில் தனியாக ஒரு காசு வாங்கிவிட்டான். 1885-ஆம் ஆண்டின் ஐந்து லெவா. அவன் சேகரித்த வரிசையில் இல்லாமலிருந்தது அது ஒன்றுதான்.

"பாருங்கய்யா, வயிறெரிஞ்சு போங்க" என்று துணியில் வைத்தான்.

காசு சுற்றியது. டாக்டர் கண்ணாடியை வைத்துப் பார்த்தார், சட்டென்று எடுத்துவிட்டார்.

"நல்லா இருக்கு, மெதோதி" என்றார் மின்ச்சோ. "ரொம்ப நல்லா இருக்கு."

"வாழ்த்துகள்" என்றார் டாக்டர்.

தம்பியின் முகம் மாறியது. "என்னடா மின்ச்சோ, திட்ட மாட்டேங்கறே?"

மின்ச்சோ இருமினார்.

"அக்கா, விளிம்புல எழுத்து இருக்கா?"

"இருக்கு."

"ஒழுங்காப் பாரு."

"பாதி மழுங்கியிருக்கு. விளிம்போட நடுவுல சுத்திவர மெல்லிசா ஒரு கோடு."

"அச்சு ரெண்டும் சேர்ந்த கோடு. வார்த்து எடுத்த போலி."

"விடுடா. எல்லாருக்கும் நடக்கறதுதான்" என்றார் மின்ச்சோ.

"உனக்கு நடக்கும். எனக்கு நடக்காதுடா."

பிறகு விரல் மரத்துப்போனதை அவனே சொன்னான்.

மேசைக்கு வரும் ஒவ்வொரு காசுக்கும் சங்கப் பதிவேட்டில் ஒரு வரி உண்டு. 'சோதித்தவர்' என்ற கட்டத்தில் இருபத்திரண்டு ஆண்டுகளாக அவன் பெயரை எழுதிவந்தவள் நான். அன்றும் 'போலி' என்று எழுதிவிட்டு அந்தக் கட்டத்துக்குப் போனேன். அவன் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

"தப்பு என்னோடது. பேனாவைக் குடு."

பள்ளியில் அவன் படித்தது பிரெயில் புள்ளி எழுத்து. நாம் எழுதும் எழுத்தின் உருவம் அவனுக்குக் காசுகளைத் தடவித்தான் தெரியும். கட்டத்தின் அடியில் அளவுகோலை வைத்துப் பிடித்தேன். பேனா விரலில் நிற்கவில்லை. முஷ்டிக்குள் பற்றிக்கொண்டு, காசில் இருப்பதைப் போன்ற பெரிய எழுத்துகளாக, பல்கேரிய மொழியில் அவன் பெயருக்கு உள்ள ஆறையும் அழுத்தி எழுதினான். ஐந்தாவது எழுத்தான Д-யின் கீழே நீளும் இரண்டு கால்கள் அளவுகோலில் இடித்து நின்றன.

பக்கத்தில் நான் தேதி போட்டேன்: 16 மார்ச் 2019, சனிக்கிழமை.