எனக்குக் கிடைத்த மீன் தலை

மகளுக்கு நல்லபடியாகப் பிரசவம் ஆனால் புரட்டாசிச் சனிக்கிழமைகளில் கவுச்சி தொடுவதில்லை என்று பெருமாளிடம் வேண்டியிருந்தேன். நல்லபடியாகவே ஆனது. அப்படியொரு சனிக்கிழமையில்தான் எங்கள் ஜவுளிக்கடை முதலாளி பாய், வேலையாட்களை முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குள் இருக்கும் மீன்பிடி முகாமுக்குப் படகில் கூட்டிப்போனார். கூடாரத்துக்குள் மெத்தை போட்ட கட்டில், மின்விசிறி எல்லாம் இருந்தன.

விரதம் என்று சொல்லக் கூச்சப்பட்டு நானும் தூண்டில் போட்டேன். பெரிய கொடுவா மீன் எனக்கே மாட்டியது! மதியச் சாப்பாட்டில் முதலாளியே அதன் தலையை எடுத்து என் இலையில் வைத்தார்.

"புடிச்சவனுக்குத்தான் தலை. சாப்பிடுய்யா."

மறுத்தால் அவர் மனம் நோகும். சாப்பிட்டால் பெருமாளுக்குக் கொடுத்த வாக்கு போய்விடும். கை எழவில்லை. முகாமில் சமைக்கும் அம்மா என்னையே பார்த்தார்.

"அண்ணே, இன்னைக்கு சனிக்கிழமைல்ல... விரதமா?"

ஆமாம் என்று தலையாட்டினேன். முதலாளி சிரித்துவிட்டார்.

"ஏன்யா, மாசம் முழுக்க நோன்பு வைக்கிற என்கிட்ட இதைச் சொல்ல என்ன கூச்சம்? அந்தத் தலையை இப்படித் தள்ளு!"

அந்த அம்மாவுக்கும் விரதமாம். எனக்குப் புது இலை போட்டு, தனக்கென்று வைத்திருந்த ரசத்தையும் அப்பளத்தையும் பரிமாறினார். அப்போதுதான் எனக்கு மூச்சே வந்தது.

"இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்துங்க" என்று நானே வாய்விட்டுக் கேட்டேன். என் வீட்டில்கூட நான் அப்படிக் கேட்டதில்லை.