வெள்ளி படிந்த சீட்டு

எங்கம்மா உருட்டித் தரும் கம்பஞ்சோற்றை விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால் மினுமினுவென்று மின்னும், வாயில் வைத்தால் லேசாகக் கசக்கும். எங்கள் பக்கம் ஆபீஸ் என்று சொல்லும் பட்டாசுத் தொழிற்சாலையில் பகலெல்லாம் வெடிமருந்து சலித்த கையில் ஒட்டிக்கொண்டு வந்த அலுமினியப் பொடி அது. எண்ணெய் தேய்த்துச் சீயக்காய் போட்டுக் கழுவினாலும் நகக்கண்ணில் நிற்கும் அந்தப் பொடியை நாங்கள் "வெள்ளி" என்போம். அம்மாவோடு சேர்ந்து மருந்து சலித்த செட்டுப் பெண்களுக்கு மட்டும்தான் அந்தக் கை. மற்ற செட்டுகளில் காகிதமும் பசையும்தான்.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது ஊரில் பஞ்சாயத்துத் தேர்தல் வந்தது. ஆபீஸ் முதலாளியின் மச்சினர் ஒரு பக்கம், டீக்கடைக்காரர் ஒருவர் மறுபக்கம். முந்தின வருஷம் எங்கள் சித்தி ஆபீஸ் வெடிவிபத்தில் கருகிக் கிடந்தபோது முதலாளி கேட்டைச் சாத்திக்கொள்ள, தன் வண்டியில் வைக்கோல் பரப்பி அவளை விருதுநகர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர் இந்த டீக்கடைக்காரர்தான். சித்தி பிழைக்கவில்லை. ஆனாலும் யாருக்கு ஓட்டு என்று அம்மா வாயே திறக்கவில்லை.

ஓட்டு நாளன்று ஆபீஸ் கணக்கப்பிள்ளை லாரியைக் கொண்டுவந்து நிறுத்தி, வேலையின் நடுவிலேயே எல்லாரையும் கிளப்பினார். நான் தூக்குச்சட்டியோடு நின்றிருந்தேன்.

"கையைக் கழுவிட்டு வாரோம் அண்ணாச்சி" என்றாள் அம்மா.

"திரும்பி வந்து மருந்துலதான கையை வைக்கப் போறீக? ஏறுங்க தாயி, நேரமாகுது."

"கழுவலேன்னா என்ன மதினி? நம்ம கை மினுக்குற மினுக்குல ஓட்டுப் பொட்டியே விடிஞ்சிரும்" என்று பக்கத்து வீட்டுப் பொன்னுத்தாய் அத்தை சொல்ல, லாரியே சிரித்தது.

பள்ளிக்கூடத்தில் சாக்குப் படுதா கட்டியிருந்தார்கள். அதற்குப் பின்னால் போய்வந்த அம்மா நிமிர்ந்து நடந்தாள். அந்தக் கொஞ்ச நேரம்தான் அவளை யாரும் பார்க்காத நேரம் என்று நினைத்தாள் போலிருக்கிறது.

டீக்கடைக்காரர் தோற்றார். ஓட்டு எண்ணும் இடத்தில் முதலாளி தரப்பு ஆளாக உட்கார்ந்திருந்த கணக்கப்பிள்ளை, மறுநாள் காலை கேட்டை மறித்து நின்றார். நான் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"வெள்ளி ஒட்டுன சீட்டெல்லாம் நம்ம பக்கம் வந்திருக்கு, ஒண்ணே ஒண்ணு மட்டும் டீக்கடைக்காரனுக்குப் போயிருக்கு. எந்தக் கைன்னு தெரியுற வரைக்கும் இந்தச் செட்டுக்கு வேலை கிடையாது."

அப்போதுதான் கை கழுவ ஏன் விடவில்லை என்பது எல்லாருக்கும் விளங்கியது. ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்கவில்லை. புருஷனைப் பறிகொடுத்து நாலு பிள்ளைகளை வைத்துக்கொண்டிருந்த பொன்னுத்தாய் அத்தை இரண்டு கையையும் முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள்.

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தாள். "நான் போறேன் அண்ணாச்சி. அவுகளை உள்ள விடுங்க."

"அப்ப உன் சீட்டுத்தானா அது?"

"போறேன்னு மட்டும்தான் சொன்னேன்."

அதற்குப் பிறகு எந்த ஆபீஸிலும் அவளுக்கு வேலை கொடுக்கவில்லை. வீட்டில் தீப்பெட்டி ஒட்டினோம். கூட ஒட்ட ஆள் வேண்டுமென்று என் பள்ளிக்கூடம் நின்றது. நான் எழுத்துக் கூட்டிப் படிப்பது அதனால்தான், அதில் எனக்கு வெட்கம் எதுவும் இல்லை. பொன்னுத்தாய் அத்தை பல நாள் வாசலில் வந்து நிற்பாள், அழுதுவிட்டுப் போவாள். அது சித்தியை நினைத்தா, வேறு எதையாவது நினைத்தா, எனக்குத் தெரியாது.

அம்மா படுக்கையில் விழுந்த பிறகு ஒருநாள் கேட்டுவிட்டேன்: "அந்தச் சீட்டு உன்னுதாம்மா?"

"உள்ள போட்டதை வெளிய சொல்றதுக்கா படுதா கட்டி வச்சிருந்தாக?" என்றவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அந்த மாசமே போய்விட்டாள். குளிப்பாட்டும்போது பார்த்தேன், நகக்கண்ணில் வெள்ளி இல்லை.

இப்போது சட்டசபைத் தேர்தலுக்குச் சீட்டும் முத்திரையும் போய் மிஷின் வந்துவிட்டது. பொத்தானை அழுத்தினால் ஒரு சத்தம், அவ்வளவுதான். பொன்னுத்தாய் அத்தையும் இல்லை, கணக்கப்பிள்ளையும் இல்லை, அந்தச் சீட்டு யாருடையது என்று சொல்ல ஊரில் ஒருவரும் மிச்சமில்லை. போன தடவை ஓட்டுப் போடக் கிளம்பும்போது நான் தொட்டியடியில் உட்கார்ந்து நகம் நகமாகத் தேய்ப்பதைப் பார்த்து, "பொத்தானை அமுக்குறதுக்கு எதுக்கு அத்தை இம்புட்டுச் சோப்பு?" என்று என் மருமகள் சிரித்தாள். இன்னொரு செம்பு தண்ணீர் ஊற்றச் சொன்னேன்.